சூட்டு வலியா, ஜவ்வா? வாசகர் கேள்வி, டாக்டரம்மா பதில்

சென்ற முறை கர்ப்பிணிகளின் கால் வீக்கம் பற்றி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதி, காலை விட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு விட்டன. எனக்கு ஆச்சரியமில்லை. 20 வருடத்துக்கு மேல் கம்பத்தில் பிரசவம் பார்க்கிறேன். ஏலக்காய் சீசனில் விடியுமுன்னே குமுளி மலையும் கம்பம்மெட்டும் ஏறுகிற ஜீப்புகளில் முட்டி இடிக்க உட்கார்ந்து போகிற பெண்களில் எத்தனை பேர் மாலையில் என் வாசலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே இந்த இதழ் முழுக்க இடுப்புதான்.

கேள்வி: எனக்கு 26 வயது. இரண்டாவது பிள்ளை, 25-வது வாரம். ஐந்து மாதம் வரை வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய் எடுக்கப் போனேன். ஒரு நாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது இடுப்பில் 'கடக்'கென்றது. மறுநாளிலிருந்து இடது பிட்டத்தில் ஆரம்பித்து, கெண்டைக்காலின் வெளிப்பக்கமாகப் பெருவிரல் வரை இழுக்கிறது. தும்மினால் உயிர் போகிறது. பெருவிரல் மதமதப்பாக இருக்கிறது. 'சூட்டு வலிதான், சீரகத் தண்ணி குடி' என்கிறார் அத்தை. மெடிக்கலில் வாங்கிய மாத்திரை இரண்டு நாள் கேட்டது. 'ஜவ்வு விலகியிருக்கும், ஸ்கேன் எடு' என்கிறார் தோட்டத்துக் கங்காணி. ஸ்கேன் எடுத்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதே என்று பயம். மாத்திரை அட்டையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.
பெயர் வேண்டாம், கூடலூர்.

தாயி, கங்காணி சொன்னது சரியாகத்தான் இருக்கும்போல. உங்கள் கடிதத்தில் மூன்று சொற்களை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்: கெண்டைக்கால், தும்மினால், பெருவிரல்.

கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு மேல் ஏதோ ஒரு கட்டத்தில் இடுப்பு வலிக்கிறது. வயிறு முன்னால் தள்ளுகிறது, இடுப்பு உள்வளைகிறது, ரிலாக்சின் என்ற ஹார்மோன் இடுப்பெலும்பு மூட்டுகளைத் தளர்த்துகிறது. இந்த வலி இடுப்பிலும் பிட்டத்திலும் இருக்கும், தொடை வரை வரும், பெரும்பாலும் முழங்காலோடு நின்றுவிடும். புரண்டு படுத்தால், படி ஏறினால் கூடும். உங்களுடையது முழங்காலைத் தாண்டி, ஒரு கோடு போட்டமாதிரி பெருவிரலுக்குப் போகிறது. எல்5 என்று நாங்கள் சொல்லும் நரம்பின் பாதை அது. வலி குதிகாலுக்கும் சுண்டுவிரலுக்கும் போயிருந்தால் அதற்கு அடுத்த நரம்பு, எஸ்1. உண்மையான ஜவ்வுப் பிதுக்கம் கர்ப்பத்தில் அபூர்வம்தான். 10,000 கர்ப்பத்தில் ஒன்று என்று மருத்துவ நூல்களில் ஒரு பழைய கணக்கு உண்டு. அபூர்வம் என்பதாலேயே எல்லோரும் அதை மறந்துபோகிறோம் என்பதுதான் சிக்கல்.

நுங்கு உரித்திருப்பீர்கள். இளசாக ஒன்றை எடுத்து ஒரு ஓரத்தில் கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள், எதிர் ஓரத்தில் பிதுங்கும். முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கிற ஜவ்வும் அப்படித்தான். வெளியே நார் வளையம், உள்ளே கூழ். முன்னால் குனியும்போது முன்பக்கம் நசுங்கி, கூழ் பின்பக்கம் தள்ளுகிறது. அங்கேதான் காலுக்குப் போகும் நரம்பு இருக்கிறது. ஏலக்காய் செடியின் தலையில் காய்க்கிறதில்லை. அடியில், மண்ணோடு மண்ணாகப் படர்கிற சரத்தில் காய்க்கிறது. நாள் முழுக்கக் குனிந்தும் குந்தியும் எடுக்கிற வேலை. நார் வளையம் ரொம்ப நாளாக நைந்துகொண்டு இருந்திருக்கும். குடத்தின் மேல் பழி போடாதீர்கள், அது கடைசி ஆள்.

இப்போது நான் நேரில் இருந்தால் முதலில் என்ன பார்ப்பேன் என்று சொல்கிறேன். வீட்டில் ஒருவர் உங்களைப் பிடித்துக்கொள்ள, சுவரைத் தொட்டபடி குதிகாலில் மட்டும் நாலடி நடங்கள். பிறகு முன்பாதத்தில் எக்கி நில்லுங்கள். அப்புறம் இரண்டு பெருவிரல்களையும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, அத்தையை ஒரு விரலால் அவற்றை அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். இடது விரல் சட்டென்று தோற்றுப் போகிறதா? இது ரொம்ப முக்கியம். வலி எவ்வளவு என்பதைவிடக் காலில் பலம் இருக்கிறதா என்பதுதான் வைத்தியத்தைத் தீர்மானிக்கிறது.

இதை நான் புத்தகத்தில் படித்ததோடு நிற்கவில்லை. 2003-ல் என் இரண்டாவது மகன் வயிற்றில் ஏழு மாதம். வலது காலில் இழுப்பு. நகரத்தில் ஒரு பெரிய டாக்டரிடம் போனேன். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலேயே, "கர்ப்பிணிக்கு இடுப்பு வலிக்காம வேற யாருக்கும்மா வலிக்கும், நீங்களே டாக்டர்தானே" என்று சிரித்து அனுப்பிவிட்டார். நானும் நம்பினேன். நாலாம் நாள் வார்டு படியில் இறங்கிக்கொண்டிருந்தபோது ஆயா பின்னாலேயே ஓடி வந்து, "டாக்டரம்மா, செருப்பை விட்டுட்டுப் போறீங்களே" என்று ஒற்றைச் செருப்பை நீட்டினார். கழன்றது எனக்குத் தெரியவில்லை. பாதத்தைத் தூக்கும் பலம் குறைந்திருந்தது, மரத்தும் இருந்தது. அன்றைக்குத்தான் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அதற்கப்புறம் பலம் மேலும் குறையாததால் ஆபரேஷன் இல்லாமலே 11 வாரத்தில் சரியானது. என்னிடம் வருகிறவர்களிடம் இன்றைக்கும் முதல் கேள்வி இதுதான்: செருப்பு கழலுகிறதா?

சரி, ஸ்கேன். எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. காந்தமும் ரேடியோ அலையும்தான். வயிற்றுப் பிள்ளைக்கு அதனால் கெடுதல் என்று காட்டப்பட்டதில்லை, கர்ப்ப காலத்தில் எடுக்கலாம். கைநரம்பில் ஏற்றுகிற கடோலினியம் என்ற சாய மருந்து மட்டும் வேண்டாம். ஜவ்வைப் பார்க்க அது தேவையும் இல்லை. அரை மணி நேரம் மல்லாந்து படுக்கவேண்டியிருக்கும். அப்போது கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அமுக்கித் தலைசுற்றும். வலது இடுப்புக்கு அடியில் ஒரு சின்னத் தலையணை வைத்து இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்துவிடச் சொல்லுங்கள்.

ஆனால் பெருவிரலில் பலம் இருந்தால், இன்றைக்கே ஓடிப்போய் எடுக்கவேண்டியதில்லை. ஸ்கேனில் எது தெரிந்தாலும் முதல் ஆறு வாரம் செய்யப்போவது ஒன்றுதான். கடன் வாங்கி ஸ்கேன் எடுத்து, "எல்4-எல்5 பிதுக்கம்" (இடுப்புப் பகுதியின் நாலாம், ஐந்தாம் முதுகெலும்புகளுக்கு நடுவே) என்று எழுதி வாங்கி, அதைப் பார்த்துப் பார்த்து அழுதவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

மாத்திரைக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய அட்டையில் அசெக்ளோஃபினாக், தயோகால்ச்சிகோசைட் இரண்டும் இருக்கின்றன. இரண்டுமே உங்களுக்கு ஆகாது. முதலாவது, டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகையறா. 20 வாரத்துக்குப் பிறகு இந்த வகை மருந்து பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 அக்டோபரில் எச்சரித்தது. 30 வாரத்துக்கு மேல் போனால் பிள்ளையின் இதயத்தருகே பிறந்தபின் மூடவேண்டிய ஒரு ரத்தக்குழாய் முன்கூட்டியே சுருங்கும் அபாயமும் சேரும். இரண்டாவது, தசை இறுக்கத்துக்கான மருந்து, கர்ப்பிணிக்குக் கொடுக்கவே கூடாதது. இரண்டு நாள் சாப்பிட்டதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நிறுத்துங்கள், அடுத்த செக்கப்பில் சொல்லுங்கள், தேவையென்றால் ஸ்கேனில் நீரின் அளவைப் பார்த்துவிடுவார்கள். நரம்பு வலிக்கென்று கொடுக்கும் பிரிகாபலினையும் நீங்களாக வாங்காதீர்கள். மெத்தில்கோபாலமின் கெடுதல் செய்யாது, ஆனால் அது ஜவ்வைச் சுருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்களுக்குரியது பாரசிட்டமால் 500 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு நாலுக்கு மேல் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். அதற்கும் அடங்காத வலி என்றால் அடுத்த படி மருந்துகள் இருக்கின்றன. சில நாள் ஸ்டீராய்டு மாத்திரையோ, தண்டுவடத்தருகே ஊசியோ ஆலோசித்துக் கொடுப்பதுண்டு. 'கர்ப்பம், பொறுத்துக்கோ' என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கவேண்டிய அவசியம் எந்தப் பெண்ணுக்கும் இல்லை.

படுத்தே கிடப்பதும் வைத்தியம் இல்லை. ஓரிரு நாள் ஓய்வு போதும். கர்ப்பத்தில் ரத்தம் சீக்கிரம் உறையும் தன்மை உண்டு, அசையாமல் கிடந்தால் கால் ரத்தக்குழாயில் கட்டி சேரலாம். பத்து நிமிடம் நடங்கள், பத்து நிமிடம் ஒருக்களித்துப் படுங்கள், மறுபடி நடங்கள். கயிற்றுக் கட்டில் தொட்டில்மாதிரி தொங்கும், வேண்டாம். பாயிலிருந்து எழுவதும் கஷ்டம். பலகைக் கட்டிலில் மெத்தை போட்டு, இடப்பக்கம் சாய்ந்து, முழங்கால்களுக்கு நடுவே மட்டுமில்லை, கணுக்கால் வரைக்கும் அணை கொடுத்துப் படுங்கள். நான் ஒரு பழைய ஜமுக்காளத்தைச் சுருட்டி வைத்துக்கொண்டேன், கடையில் விற்கிற தலையணையைவிட அது நின்றது. எழும்போது அப்படியே ஒருக்களித்து, இரண்டு காலையும் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுங்கள். இரும்புச்சத்து மாத்திரை மலத்தை இறுக்கும், முக்கினால் ஜவ்வில் அழுத்தம் கூடும். கொய்யாவும் கீரையும் தண்ணீரும் அதற்குத்தான். குந்தும் கழிப்பறை என்றால் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று வாங்கிப் போடுங்கள். ஜீப்பில் ஏறவே வேண்டாம். பஸ் என்றால் பின்சீட்டு வேண்டாம்.

இவ்வளவு செய்தால் பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் கால் வலி நன்றாகக் குறைந்துவிடும். பிதுங்கிய கூழை உடம்பே சாப்பிட்டுவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், பெரிதாக வெளியே வந்து விழுந்த துண்டுதான் பல சமயம் நன்றாகக் கரைகிறது.

அத்தையின் சூட்டு வலியையும் நான் தள்ளவில்லை. வலி விட்டுவிட்டு வந்து, வரும்போதெல்லாம் வயிறு கல்லாக இறுகினால், உங்கள் 25 வாரத்தில் அது சூட்டு வலியாகவும் இருக்கலாம், குறைமாதப் பிரசவத்தின் ஆரம்பமாகவும் இருக்கலாம். சீரகத் தண்ணீரை அப்புறம் குடிக்கலாம், முதலில் ஆஸ்பத்திரி. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலும் அது ஜவ்வு வேலையில்லை, ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே காட்டவேண்டும்.

கடைசியாக ஒன்று. இதை வீட்டுக்காரரையும் வாசிக்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிக்கு அடிக்கடி சிறுநீர் வரும், அது சகஜம். முட்டிக்கொண்டு நின்றும் போக முடியவில்லை, அல்லது தெரியாமலே கசிகிறது என்றால் சகஜமில்லை. கழுவும்போது தண்ணீர் படுவது தெரியவில்லை, சைக்கிள் சீட்டில் படுகிற இடமெல்லாம் மரத்துவிட்டது, இரண்டு காலும் தளர்கிறது, பாதம் தொங்குகிறது: இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று பார்க்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். தண்டுவடத்தின் வால் நரம்புக் கொத்து நசுங்கும் நிலையாக அது இருக்கலாம். ஒரு நாள், இரண்டு நாளுக்குள் நசுக்கத்தை எடுத்துவிடாவிட்டால் சிறுநீர்க் கட்டுப்பாடு வாழ்நாளுக்கும் போகலாம்.

கேள்வி: குமுளியில் மசாலாக் கடை வைத்திருக்கிறேன். மனைவிக்கு 22 வாரம். பத்து நாளாகப் பாதம் தொங்குகிறது, நாளுக்கு நாள் அதிகமாகிறது. எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டோம், பெரிய பிதுக்கம். கோட்டயத்தில் ஆபரேஷன் என்கிறார்கள். கம்பத்திலிருந்து மாமனார் வீட்டில் 'பிள்ளை பிறக்கட்டும், அதுவரை கத்தி வேண்டாம்' என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

தம்பி, நீங்கள் எழுதியது அப்படியே உண்மை என்றால், கோட்டயம் சொல்வதை. மாமனாரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நாளுக்கு நாள் பலம் குறையும் நரம்பு இன்னும் நாலு மாதம் காத்திருக்காது. வலி மட்டும் என்றால் நானும் மாமனார் கட்சிதான்.

கர்ப்பத்தில் ஜவ்வு ஆபரேஷன் செய்யலாம், செய்திருக்கிறார்கள், தாயும் பிள்ளையும் நன்றாக இருந்திருக்கிறார்கள். மூன்றாம் மாதத்துக்கும் ஏழாம் மாதத்துக்கும் நடுவே என்றால் இன்னும் தோது. உறுப்புகள் உருவாகும் காலம் தாண்டிவிட்டது, வயிறும் ரொம்பப் பெரிதாகவில்லை. உங்கள் மனைவி சரியாக அந்த இடத்தில்தான் இருக்கிறார். வயிறு அமுங்காமல் தொங்குகிறமாதிரி ஒரு சட்டத்தில் கவிழ்த்தோ, இடப்பக்கம் ஒருக்களித்தோ படுக்கவைப்பார்கள். மைக்ரோஸ்கோப் வைத்து ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடக் கீறி, நரம்பை அமுக்கும் துண்டை மட்டும் எடுப்பார்கள். எந்த எலும்பு என்று உறுதிசெய்ய ஓரிரு எக்ஸ்ரே தேவைப்படலாம். மயக்க மருந்து முதுகு ஊசியாகவும் இருக்கலாம், முழு மயக்கமாகவும் இருக்கலாம், அதை மயக்க டாக்டரிடம் விட்டுவிடுங்கள். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் பிள்ளையின் இதயத்துடிப்பைப் பார்ப்பார்கள். குறைமாத வலி கிளம்பும் வாய்ப்பு கொஞ்சம் உண்டு, மறைக்கமாட்டேன். அதனால்தான் முதுகெலும்பு சர்ஜனும், பிரசவ டாக்டரும், பச்சிளங்குழந்தைப் பிரிவும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற இடமாகப் பார்க்கச் சொல்வேன். 34 வாரத்துக்கு மேல் என்றால் கணக்கே வேறு. முதலில் சிசேரியனில் பிள்ளையை எடுத்துவிட்டுப் பிறகு முதுகைப் பார்ப்பது வழக்கம்.

பயணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குமுளியிலிருந்து கோட்டயம் போனாலும் பீர்மேடு, முண்டக்கயம் வழி மலைப்பாதை. தேனிப் பக்கம் வந்தாலும் லோயர் கேம்ப் வரை வளைவு. காரில் முன்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போகாதீர்கள். பின்சீட்டில் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், பெல்ட்டைப் போட்டுவிடுங்கள். கேரளப் பக்கத்துக் கார்டு, தமிழ்நாட்டுப் பக்கத்துப் பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) எழுதிய கார்டு, எம்.ஆர்.ஐ. படம், மூன்றும் ஒரே பையில் இருக்கட்டும். மலையாளத்தில் எழுதிய சீட்டு என்றால் மருந்துப் பெயர்களைப் போனில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். எல்லையில் பாதிக் குழப்பம் நோயால் வருகிறதில்லை, சீட்டால் வருகிறது.

கேள்வி: மருமகளுக்கு ஆறு மாதம், ஜவ்வு விலகல் என்று சொல்லிவிட்டார்கள். இங்கே ஒருவர் நன்றாக உழிச்சில் (எண்ணெய் தடவிப் பிடித்துவிடுவது) செய்வார், தட்டி உட்காரவைத்துவிடுவேன் என்கிறார். செய்யலாமா?
ஒரு மாமியார், அணக்கரை.

அம்மா, ஜவ்வு பானை மூடி மாதிரி விலகி நிற்கிற பொருள் இல்லை, தட்டி உட்காரவைக்க. 'விலகல்' என்ற சொல்தான் நம்மை ஏமாற்றுகிறது. அது பிதுக்கம். பிதுங்கிய நுங்கை யாராலும் வெளியிலிருந்து அமுக்கி உள்ளே அனுப்ப முடியாது.

அதற்காக எண்ணெயே தொடக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஒருக்களித்துப் படுக்கவைத்து, வெதுவெதுப்பான நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ இடுப்பில் உள்ளங்கையால் மெல்லத் தடவுங்கள். இறுகிய தசை தளரும், மருமகளுக்கு மனசும் தளரும். நீங்களே தடவுங்கள், அதற்கு நிபுணர் வேண்டாம். காலால் மிதித்துச் செய்கிற சவிட்டி உழிச்சில், முதுகை மளுக்கென்று நெட்டி எடுப்பது, காலைக் கட்டி இழுப்பது, இவை எதுவும் வேண்டாம். அனுபவமுள்ள வைத்தியரிடம் கேட்டால் அவரே மறுத்துவிடுவார். 'கர்ப்பிணியா, பரவாயில்லை' என்று சட்டென்று ஒத்துக்கொள்கிறவரிடம்தான் எனக்குப் பயம். உள்ளுக்குக் கொடுக்கும் கஷாயம், லேகியம் எதுவும் பிரசவ டாக்டருக்குத் தெரியாமல் போகக்கூடாது.

ஒத்தடம் இடுப்பில் கொடுக்கலாம், வயிற்றில் வேண்டாம். சூட்டை உங்கள் முழங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள், பத்து நிமிடம் போதும். மரத்த இடத்தில் வேண்டவே வேண்டாம். போன தையில் ஒரு பெண் கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளத்தோடு வந்தாள். சுடுகிறதா என்று கேட்டார்களாம், இல்லை என்றாளாம். மரத்த தோலிடம் போய்க் கேட்டால் அது என்ன சொல்லும்?

கேள்வி: எனக்கு மூன்று வருடத்துக்கு முன்பே எல்5-எஸ்1 பிதுக்கம், மருந்திலேயே சரியானது. இப்போது 33 வாரம். சுகப்பிரசவம் ஆகுமா, சிசேரியன்தானா? சிசேரியன் என்றால் முதுகில் ஊசி போடுவார்களே, ஏற்கெனவே கெட்ட முதுகு ஆயிற்றே?
உத்தமபாளையம் ஆசிரியை.

ஜவ்வு ஒன்றையே காரணம் காட்டிச் சிசேரியன் செய்யவேண்டியதில்லை. இப்போது காலில் பலக்குறைவு இல்லை, சிறுநீர்த் தொந்தரவு இல்லை என்றால் சுகப்பிரசவத்துக்குத் தாராளமாக முயலலாம். முக்கும்போது தண்டுவடத்தைச் சுற்றியுள்ள அழுத்தம் கூடும் என்பது உண்மைதான். அதனால் வலியில்லாப் பிரசவத்துக்கான எபிடூரல் கொடுத்தோ, கடைசியில் வேக்குவம் (பிள்ளையின் தலையை உறிஞ்சிப் பிடித்து இழுக்கும் கருவி) வைத்து உதவியோ முக்கும் நேரத்தைக் குறைக்கலாம். மல்லாந்து காலை மேலே கட்டிப்போட்டு நெடுநேரம் கிடக்காமல், ஒருக்களித்தபடி பிரசவிக்கக் கேளுங்கள். கேட்டால் கொடுக்கிற ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, கேட்க யாருமில்லாததால்தான் பழக்கமில்லாமல் போயிற்று.

ஊசிக்கு வருகிறேன். தண்டுவடம் இடுப்புப் பகுதியின் முதல், இரண்டாம் முதுகெலும்பு அளவிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி அதற்குக் கீழே, பெரும்பாலும் மூன்றாம் நாலாம் எலும்புகளுக்கு நடுவே போகிறது. உங்கள் பிதுக்கம் அதற்கும் கீழே. பழைய ஜவ்வுப் பிரச்சினை இருப்பவர்களுக்கும் முதுகு ஊசி வழக்கமாகப் போடுகிறோம். "அந்த ஊசி போட்டதிலிருந்துதான் எனக்கு இடுப்பு போச்சு" என்று சொல்லாத அம்மாக்கள் நம் ஊரில் இல்லை. ஆனால் ஊசி போட்டவர், போடாதவர் இருவரையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் நாள்பட்ட முதுகுவலியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பிள்ளையைத் தூக்குவது, குனிந்து பால் கொடுப்பது, தூக்கமில்லாதது எல்லாம் பழியை ஊசியின் தலையில் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்கின்றன.

நீங்கள் செய்யவேண்டியது ஒன்று. பழைய எம்.ஆர்.ஐ.யை எடுத்துக்கொண்டு இந்த மாதமே மயக்க டாக்டரைப் பாருங்கள். கால் பலம், மரப்பு இரண்டையும் சோதித்து உங்கள் கேஸ் ஷீட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிறகு பாதம் தளர்ந்தால், அது பழசா, புதுசா என்று அப்போதுதான் சொல்ல முடியும்.

கேள்வி: கர்ப்பம் என்று தெரியாமல் ஐந்தாவது வாரத்தில் இடுப்பு எக்ஸ்ரே எடுத்துவிட்டேன். கலைத்துவிடலாம் என்கிறார்கள்.
சின்னமனூர்.

யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பிள்ளைக்குப் பாதிப்பு வருமோ என்று நாங்கள் யோசிக்கத் தொடங்குவதே 50 மில்லிகிரே கதிரளவுக்கு மேல்தான். இடுப்பு எக்ஸ்ரே ஒருமுறை எடுத்தால் சாதாரணமாகப் பிள்ளைக்குப் போவது 10 மில்லிகிரேக்குள். எக்ஸ்ரே எடுத்த தேதியைக் கார்டில் குறித்துவைத்துவிட்டு, 18 முதல் 20 வாரத்து ஸ்கேனைத் தவறாமல் எடுங்கள்.

கேள்வி: பிரசவம் ஆகி 12 நாள். கர்ப்பத்தில் இருந்த ஜவ்வு வலி குறைந்துவிட்டது, ஆனால் மறுபடி வந்துவிடுமோ என்று பயம். அம்மா வீடு குமுளியில், வேது குளியல், லேகியம் எல்லாம் தயாராக இருக்கிறது.
கம்பம்.

வெந்நீர்க் குளியல் நல்லது. சுகப்பிரசவம் என்றால் இப்போதே குளிக்கலாம், சிசேரியன் என்றால் தையல் ஆறட்டும். பெரிய அண்டாவை நீங்கள் நகர்த்தாதீர்கள், அவ்வளவுதான். லேகியத்தில் சர்க்கரையும் நெய்யும் நிறைய, ஒரு கரண்டிக்கு மேல் வேண்டாம். வயிற்றைத் துணியால் கட்டுவதில் தப்பில்லை, மூச்சு முட்டாமல் கட்டட்டும். ஆனால் துணி தசைக்கு மாற்றாகாது. மல்லாந்து முழங்காலை மடக்கிப் படுத்து, அடிவயிற்றை உள்ளிழுத்து இடுப்பைப் பாயோடு அழுத்தும் பயிற்சியை மெல்ல ஆரம்பியுங்கள்.

பால் கொடுக்கும்போது பிள்ளையிடம் நீங்கள் குனியவேண்டாம், மடியில் தலையணை போட்டுப் பிள்ளையை உங்களிடம் ஏற்றுங்கள். சம்மணம் வேண்டாம், முதுகு சாயும் நாற்காலியில் உட்காருங்கள், இல்லையென்றால் ஒருக்களித்துப் படுத்தே கொடுங்கள். அப்புறம் பிள்ளையைக் குளிப்பாட்டுவது. தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலில் பிள்ளையைப் போட்டு, குனிந்து குனிந்து தேய்க்கிற அந்த முறை இருக்கிறதே, ஜவ்வுக்கு அதைவிட மோசமான உட்காரும் நிலை எனக்குத் தெரிந்து இல்லை. மூன்று மாதத்துக்கு அந்த வேலையை அம்மாவிடமே விட்டுவிடுங்கள். நீங்கள் துண்டோடு பக்கத்தில் நின்றால் போதும்.